பெரிய சைஸ் பட்டை

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. கல்லூரி வருகைப் பதிவிலும் அதே பெயர்தான். இருந்தும் மருத்துவக் கல்லூரியில் அவள் பீரோ. முதலாம் ஆண்டில் எவனோ ஒருவன் வைத்தான். இரண்டாம் ஆண்டில் அது பேராசிரியர்கள் காதுக்கும் போய்விட்டது. மூன்றாம் ஆண்டில் அவளே போனை எடுத்து "பீரோ பேசறேன்" என்று சொல்லத் தொடங்கினாள். பட்டப்பெயரை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அடுத்தவன் சொல்லும்போது அவ்வளவாக வலிக்காது என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. ஆனாலும் குண்டாக இருக்கிற எல்லோரும் அதை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள்.

சேரும்போது அவள் இப்படி இல்லை. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், அவ்வளவுதான். பெருக்க வைத்தது படிப்பு. விடிய விடிய உட்கார்ந்து படிப்பார்கள், விடிந்ததும் வார்டில் கால் கடுக்க நிற்பார்கள், நடுவில் கிடைக்கிற கால் மணி நேரத்தில் கேன்டீனுக்கு ஓடுவார்கள். அங்கே எந்நேரமும் கிடைப்பது பன், பிஸ்கட், எண்ணெயில் பொரித்தது, நாக்கில் ஒட்டுகிற அளவுக்குச் சர்க்கரை போட்ட டீ. பிறகு வகுப்புக்கு வந்து, தூக்கம் கெட்டால் என்ன ஆகும், சர்க்கரை மிஞ்சினால் இதயம் என்ன பாடுபடும் என்று குறிப்பெடுப்பார்கள். பாடம் நடத்துகிறவரின் தொப்பை மேசையை அரை அடி முன்னே தள்ளியிருக்கும். ஊருக்குத்தான் உபதேசம். வகுப்பில் பாதிப் பேருக்கு முதலாம் ஆண்டில் தைத்த வெள்ளைக் கோட்டில் பொத்தான் போட முடியவில்லை. ஆனால் பாதிப் பேரைப் பார்த்துச் சிரிக்க முடியாதல்லவா? அதற்கு ஒருத்தி வேண்டும். அவள் இருந்தாள்.

அறையில் அவளோடு தங்கியிருந்தவள் குச்சி. பீரோவுக்குப் பக்கத்தில் நின்றதாலேயே அவளுக்கு அந்தப் பெயர். நல்ல பெண். பீரோவுக்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறாள், அவள் இல்லாத இடத்தில்.

தலைவலி தொடங்கியது நான்காம் ஆண்டின் கடைசியில். காலையில் கண் விழிக்கும்போதே பின்மண்டையில் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் வெகுநேரம் போகாது. மாணவர்களுக்கென்று இருந்த மருத்துவ அறைக்குப் போனாள். டியூட்டி டாக்டர் கைப்பேசியிலிருந்து பாதிக் கண்ணை மட்டும் எடுத்து அவளைப் பார்த்தார்.

"தலைவலியா? வெயிட்டைக் குறைம்மா."

"கால் வேற வீங்குது சார்."

"பின்ன வீங்காதா? அவ்வளவு கனத்தையும் அதுதானே தாங்குது? வெயிட்டைக் குறை, எல்லாம் சரியாயிடும்."

மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. அறைக்கு வந்ததும் அவள் குச்சியிடம், "பல்லு வலிக்குதுன்னு போனாலும் எனக்கு அதேதான்டி எழுதுவாங்க" என்று சொல்ல, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் சொன்னதை அவளும் நம்பினாள் என்பதுதான் கொடுமை. தலை வலித்தால் எடை, மூச்சு வாங்கினால் எடை, மாடிப்படியில் நெஞ்சு அடித்துக்கொண்டால் எடை. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் எழுதுகிற மாணவனை எந்தத் தேர்வில் பாஸ் போடுவார்கள்? அவள் உடம்பு விஷயத்தில் மட்டும் எல்லோரும் அப்படியே எழுதி முழு மார்க் வாங்கினார்கள்.

மருத்துவம் படிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளிமேல் கை வைப்பதற்கு முன் ஒருவர்மேல் ஒருவர் பழகுவார்கள். விலா எலும்பை எண்ணுவது, நெஞ்சைத் தட்டி ஓசை கேட்பது, மூச்சை இழுக்கச் சொல்லிக் கல்லீரலின் விளிம்பை விரல் நுனியில் தேடுவது. ஒல்லியான உடம்பில் பழகுங்கள், அப்போதுதான் கைக்குத் தெரியும் என்று ஆசிரியர்களே சொல்வார்கள். ஆகவே குச்சிக்கு ஏக கிராக்கி. பீரோவும் குச்சிமேல்தான் பழகினாள். குச்சியின் விலா ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். முறைப்படி அடுத்தது இவள் படுக்க வேண்டும், குச்சி தேட வேண்டும். "உன் மேல ஒண்ணுமே அகப்படாதுடி, நேரம்தான் வேஸ்ட்" என்று குச்சி கொட்டாவி விடுவாள். அவள் எழுந்துவிடுவாள். நாளெல்லாம் உடம்புகளைத் தொட்டுப் பார்க்கிற அத்தனை கைகளுக்கு நடுவில் ஐந்து வருடம் இருந்தும், அவள் நெஞ்சில் எவரும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஸ்டெதாஸ்கோப் வைத்ததில்லை.

அந்த வருடம் சமூக மருத்துவத் துறையின் துணைப் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சியைக் கையில் எடுத்தார். மனிதர் தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஓட்டக்காரர். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. மருத்துவ மாணவர்களிடையே உடல் பருமன், அதனால் வரும் ஆபத்துகள் என்று தலைப்பு வைத்தார். இறுதியாண்டு வகுப்பு முழுவதையும் அளப்பது, எடை, உயரம், இடுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது. ஏற்றுகிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்.

"நீ ஒரு எடத்துல உக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டே. இந்த வேலைக்கு நீதான் சரி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு.

வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அளந்தார்கள். அவள் முறை வந்தபோது பிரஷர் பார்த்தது குச்சி. கையில் சுற்றுகிற பட்டை இழுத்துப் பிடித்தும் நுனி மட்டும் ஒட்டுகிற அளவுக்குத்தான் எட்டியது. காற்றடித்ததும் ஒட்டுவாய் சரக்கென்று பிரிந்தது. பின்பக்கம் நின்ற பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை குச்சி பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடித்தாள். இறங்குகிற முள்ளைப் பார்த்தாள், முகம் மாறியது. மறுபடி அடித்தாள்.

"எவ்வளவுடி?"

"நூத்தி எண்பது. கீழ நூத்திப் பதினாறு."

ஒரு நொடி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நொடியில் குச்சியின் கண்ணில் பயம் இருந்தது. அது அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பீரோதான் கெடுத்தாள்.

"பட்டை சின்னதுடி. சின்னப் பட்டை போட்டா கூடத்தானே காட்டும்? வைவாவுல நீயே சொன்னியே!"

"அட, ஆமாடி!" என்று குச்சி மூச்சு விட்டாள்.

பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எவ்வளவு அதிகம்? பத்து காட்டலாம், இருபது காட்டலாம். அறுபதைக் கூட்டிக் காட்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. படிக்காத ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால் பதறியிருப்பாள், பதறியிருந்தால் தப்பித்திருப்பாள். இவர்கள் படித்தவர்கள். காரணம் தெரிந்துவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடுகிறது இவர்களுக்கு.

பெரிய சைஸ் பட்டை ஆஸ்பத்திரியிலேயே ஒன்று இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸின் அலமாரியில். குச்சி போய்க் கேட்டாள். "நோயாளிங்களுக்கே அதை நான் எடுக்கறதில்ல, தொலைஞ்சா யாரு பதில் சொல்றது? உங்க சாரை லெட்டர் குடுக்கச் சொல்லு" என்றார் தலைமை நர்ஸ். சார் பார்க்கலாம் என்றார். அதற்குள் ஒரு தேர்வு வந்தது, பிறகு இன்னொன்று வந்தது.

அளந்து முடித்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிய பிறகு ஓட்டக்காரர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் வகுப்பு முழுவதும் புள்ளிகளாக ஒரு கொத்தாய்க் கிடந்தது. மேலே, வலது ஓரத்தில், ஒரு புள்ளி மட்டும் தனியாக.

"இது யாரும்மா? இது ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குதே. சராசரியையே இழுக்குது."

"என்னுது சார்."

"ஓ." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பட்டையில எடுத்தீங்க?"

"சின்னதுலதான் சார். பெரிசு கிடைக்கல."

"அப்ப இது செல்லாது. தப்பான கருவியில எடுத்த அளவைச் சேர்த்தா ஆராய்ச்சி தர்மமே இல்ல. எடுத்துடு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறு கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். எந்த நிபுணரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அவளுக்குக் கோபம் வந்ததா என்றால் அதுவும் இல்லை, நிம்மதியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தில் அவள் துருத்திக்கொண்டு நிற்கப் போவதில்லை. தன் வரிசையைத் தானே தேடிப் பிடித்தாள், விசையை அழுத்தினாள், புள்ளி போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். முடிந்தது, சோற்றுக்கும் அவசியம் இல்லாமல்.

"பெரிய பட்டை கிடைச்சா ஒரு தடவை பாத்துக்கோம்மா" என்றார் ஓட்டக்காரர், அவள் கதவருகே போனதும். மனிதர் நல்லவர்தான்.

"சரி சார்" என்றாள். பார்க்கவில்லை. தலைவலிக்கு மாத்திரையை இரண்டாக்கிக்கொண்டாள், இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள், விடிகாலைப் பசியில் அறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றாள், தின்றதற்காகத் தன்னையே வைதுகொண்டாள். நாலைந்து மாதம் இப்படிப் போனது.

அதற்கப்புறம் கண் பிரிவு.

அங்கேயும் வழக்கம் அதேதான், ஜோடி ஜோடியாகப் பழக வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியச் செய்து, அறையை இருட்டாக்கி, சின்ன விளக்குக் கருவியால் ஒருவர் கண்ணுக்குள் மற்றவர் பார்க்க வேண்டும். கண்ணின் பின்சுவரில் ரத்தக் குழாய்கள் தோலும் சதையும் மூடாமல் அப்படியே தெரியும். உடம்பில் கொழுப்பு மறைக்காத ஓர் இடம் அது. கண் பிரிவின் தலைவி, எல்லோரும் மேடம் என்பவர், அவளைப் பார்த்து, "நல்லாப் பெரிசா விரிஞ்சிருக்கே" என்றார். "உனக்கு லேசாத் தெரியும், இவளைப் பாரு" என்று குச்சியை எதிரே உட்கார வைத்தார். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குச்சி மூக்கோடு மூக்கு வைத்துக் குனிந்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, அங்கயும் கொழுப்புதானா?"

குச்சி சிரிக்கவில்லை. கருவியை இறக்கிவிட்டு, "மேடம், கொஞ்சம் வரீங்களா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மேடம் வந்து பார்த்தார். ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு மறு கண்ணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மாணவர்களைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். பல வருடம் பாடம் நடத்தியவரின் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"எல்லாரும் இங்க வாங்க! இவ்வளவு தெளிவாப் புத்தகத்துலகூடப் பாக்க முடியாது."

வரிசை நின்றது. அவள் உடம்பில் பழக வராமல் ஒதுங்கியவர்கள், பட்டை பிரிந்தபோது சிரித்தவர்கள், எல்லோரும் நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து அவள் கண்ணுக்குள் பார்த்தார்கள். ஒவ்வொருவர் மூச்சும் அவள் கன்னத்தில் பட்டது. பார்த்துவிட்டுச் சொன்னார்கள். தீக்கொழுந்து மாதிரி ரத்தக் கசிவு. பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளைத் திட்டு. நரம்பு முனை வீக்கம். அவளும் படித்தவள்தானே, ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டே வந்தாள். நரம்பு முனை வீக்கம் என்று மூன்றாவது ஆள் சொன்னபோது மார்க் போடுவதை நிறுத்திவிட்டாள். அது வந்தால் கடைசிக் கட்டம். மூளையும் சிறுநீரகமும் அதே நேரத்தில் அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

"சரி, இந்தப் பேஷண்டோட பிரஷர் எவ்வளவு?" என்று மேடம் கேட்டார், யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

விரிந்த கண்ணில் எதிரே இருப்பவர்கள் வெறும் நிழலாகத் தெரிய, நாற்காலியில் இருந்தபடி அவளே சொன்னாள்.

"நூத்தி எண்பது, நூத்திப் பதினாறு, மேடம். நாலு மாசம் முன்னாடி. சின்னப் பட்டையில எடுத்தது."

மேடத்தின் கை அப்போதுதான் அவள் தோள்மேல் வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ் லெட்டர் கேட்காமலே அலமாரியைத் திறந்தார். பெரிய சைஸ் பட்டை வாங்கி வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பட்டை அவள் கைக்கென்றே தைத்ததுபோல் அழகாகச் சுற்றிக்கொண்டது. இருநூற்றுப் பத்து, நூற்று முப்பத்தாறு. இந்தத் தடவை குறை சொல்லப் பட்டை கிடைக்கவில்லை.

சிறுநீரக மருத்துவர் மெதுவாகப் பேசுகிறவர். இரண்டு நாள் சோதனைகளுக்குப் பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்.

"இது எடையால மட்டும் வந்ததில்லம்மா. கிட்னியிலதான் ஆரம்பிச்சிருக்கு, அதுதான் பிரஷரை ஏத்தியிருக்கு. நெருப்பு வெச்சது அது. எடை எண்ணெய் ஊத்துச்சு. எடை இருந்ததால யாரும் நெருப்பைத் தேடல."

"எப்பப் பாத்திருந்தா தப்பிச்சிருக்கலாம் சார்?"

"தலைவலி ஆரம்பிச்சப்பவே ஒரு யூரின் டெஸ்ட் போதும்" என்றார். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியிருக்க வேண்டும், பேச்சை மாற்றினார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேறு சிறுநீரகம் பொருத்தலாம், வயது இருக்கிறது, வழி இருக்கிறது. ஆனால் இந்த உடம்போடு அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள்.

"அதுக்கு முதல்ல வெயிட்டைக் குறைக்கணும்மா."

அவள் சிரித்துவிட்டாள். மருத்துவருக்கு ஏன் என்று புரியவில்லை.

இறுதித் தேர்வு நடந்த வாரம் அவள் கட்டிலில் இருந்தாள். தேர்வு முடிந்து வந்து குச்சி அழுதாள். "நான் அன்னிக்கே ஓடிப்போய் யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான்தானடி பட்டை சின்னதுன்னு சொல்லி உன் வாயை அடைச்சேன், அழாத" என்று இவள்தான் தேற்ற வேண்டியிருந்தது. குச்சி அடுத்த மாதம் டாக்டர். அவள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அழுது முடித்துவிட்டு மெலிந்த காலால் படபடவென்று படி இறங்கிப் போகிற சத்தம் கேட்கும்போது நெஞ்சு எரிந்தது.

துணைக்கு இருந்தது அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை டாக்டராக்கப் பார்த்தவள். பார்க்கிறவர்களிடம் எல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நூத்தம்பது சீட்டுல எம்பொண்ணு ஒருத்தி" என்று சொல்லாத நாள் கிடையாது. முதல் நாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து திட்ட ஆரம்பித்தாள். பயந்துபோன தாய்க்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அன்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. பாதி பெருமை, பாதி வேறு ஏதோ.

"கீழ நடைபாதையில பெருசா ஒரு போஸ்டர் மாட்டியிருக்காங்கடி. பரிசு வாங்கினதாம். அடியில உன் பேரு இருக்கு, தரவுப் பதிவுன்னு. போட்டோ எடுத்துட்டு வந்தேன்" என்று கைப்பேசியை நீட்டினாள்.

பளபளவென்று இருந்தது போஸ்டர். நடுவில் புள்ளிகள் ஒரே கொத்தாய், ஓரங்கள் சுத்தமாய். எதுவும் துருத்தவில்லை.

"முழுசும் நின்னு படிச்சேன். எனக்கு என்ன புரியப் போகுதுன்னு நெனைச்சியா? கணக்குதானே?" அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். குரல் தழுதழுக்கத் தொடங்கியது. "எடை அதிகமா இருக்கறவங்க பாதிக்குப் பாதிப் பேருன்னு போட்டிருக்கு. ஆனா கடுமையான பிரஷர் ஒருத்தருக்குக்கூட இல்லைன்னு போட்டிருக்கேடி! அதே ஹாஸ்டல், அதே கேன்டீன், அதே படிப்பு. அவங்க யாருக்கும் வராதது உனக்கு மட்டும் எப்படிடி வந்துச்சு? வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன். எம்பேச்சைக் கேட்டியா? உன்னை நீயே அழிச்சுக்கிட்டியேடி!"

வெந்த புண்ணில் பாய்கிற வேல், அவள் தன் கையாலேயே செய்தது.

"அம்மா, எத்தனை பேரை அளந்தாங்கன்னு மேல போட்டிருக்கும். படி."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"நூத்தி நாப்பத்தொம்பது."

"எங்க வகுப்புல எத்தனை பேரு?"

அந்த எண்ணை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருடக்கணக்காகக் கரும்பலகையில் கழித்தல் போட்டுக் காட்டியவள், கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி ஒண்ணு எங்கடி?" என்றாள் கடைசியில், மெல்ல. "யாரு எடுத்தது?"

அந்த நேரம் பார்த்துக் கட்டிலருகே இருந்த பிரஷர் இயந்திரம் விர்ரென்றது. பெரிய சைஸ் பட்டை அவள் கையில் இறுகத் தொடங்கியது. பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது, பேசினால் அளவு தப்பாகிவிடும் என்று வந்த அன்றே அம்மாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டு மகள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். பட்டை இறுகியது, நின்றது, விட்டு விட்டு இளகியது. நர்ஸ் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போனாள்.

"நான்தாம்மா" என்றாள் அவள்.